கொரியக் குடும்பத் தொடருக்குப் புதுசா? முதலில் ஒரு நோட்டும் பேனாவும் எடுங்கள்

கொரியத் தொடர் என்றதும் நம் ஆட்களுக்கு நினைவுக்கு வருவது 16 பகுதியில் முடிந்துவிடும் காதல் கதைதான். புதுயுகம் தொலைக்காட்சி ஒரு காலத்தில் தமிழில் ஒலிமாற்றிப் போட்டு நம்மைப் பழக்கிவிட்டதும் அந்த வகைக்குத்தான். இங்கே சொல்லப்போவது வேறு. மாமனார், மாமியார், கல்யாணமாகாத நாத்தனார், கடன் வாங்கிவிட்டு வந்து ஒட்டிக்கொள்ளும் சித்தப்பா என்று பதினைந்து இருபது பேர் ஒரே கதைக்குள் முட்டி மோத, ஆறு மாதம் ஓடுகிற குடும்பத் தொடர். பாட்டியும் பேத்தியும் ஒரே சோபாவில் உட்கார்ந்து பார்க்கிற சமாசாரம்.

எனக்குத் தெரிந்து ஆசையாகத் தொடங்கிய பலர் நாலைந்து பகுதியிலேயே கைவிட்டிருக்கிறார்கள். கேட்டால் "யார் யாருன்னே புரியலை" என்பார்கள். உண்மைதான். ஆங்கில வசனவரியை (சப்டைட்டில்) நம்பினால் அந்த வீட்டில் எல்லாரும் எல்லாருக்கும் "இன்-லா". தமிழ் தெரிந்த ஒருவர் இந்தக் கஷ்டத்தைப் பட வேண்டியதே இல்லை. ஏன் என்று மூன்றாவது படியில் சொல்கிறேன். இந்தக் கட்டுரையில் அதைத்தான் முக்கியமாக நினைக்கிறேன்.

படி 1: எந்த அளவு என்று தெரிந்துகொண்டு உட்காருங்கள்

இரண்டு வகை உண்டு. வார இறுதித் தொடர் சனி, ஞாயிறு இரவு 8 மணியை ஒட்டி வரும். கேபிஎஸ் 2 அலைவரிசைதான் இதற்குப் பேர்போனது. ஒரு பகுதி ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடவே இருக்கும், மொத்தம் 50 பகுதி சொச்சம். தினத்தொடர் திங்கள் முதல் வெள்ளி வரை அரை மணி நேரம், 100 பகுதிக்கு மேல் போகும். தினத்தொடரில் பழிவாங்கல் நெடி தூக்கல். புதியவர்கள் வார இறுதித் தொடரில் தொடங்குவதே நல்லது.

ஆயிரம் பகுதி பார்த்துப் பழகிய நமக்கு 50 எல்லாம் ஒரு கணக்கா என்று தோன்றும். அங்கேயும் அப்படி ஒன்று இருந்தது. எம்பிசி அலைவரிசையில் ஒரு கிராமத்துக் குடும்பத்தின் கதை 1980-இல் தொடங்கி 2002 வரை, 1,088 பகுதி ஓடியது. இப்போதுள்ள தொடர்களோ முடிவு எங்கே என்று ஏறக்குறைய தெரிந்தே தொடங்குகின்றன. வரவேற்பு நன்றாக இருந்தால் இரண்டு, மூன்று பகுதி இழுப்பார்கள்; மிஞ்சினால் எட்டு.

ஒரு சின்ன எச்சரிக்கை. ஒரே தொடர் ஓரிடத்தில் 50 பகுதி என்றும் இன்னோரிடத்தில் 100 பகுதி என்றும் போட்டிருந்தால் குழம்ப வேண்டாம். கொரியப் பொது அலைவரிசைகளில் நிகழ்ச்சியின் நடுவே விளம்பரம் போட 2021 ஜூலை வரை அனுமதி இல்லை. அதனால் ஒரு பகுதியை இரண்டாக வெட்டி, முதல் பாகம் இரண்டாம் பாகம் என்று பெயர் வைத்து, இடையில் விளம்பரத்தைச் செருகினார்கள். அந்த வெட்டு சில தளங்களில் அப்படியே தங்கிவிட்டது.

படி 2: முதல் தொடரைத் தேர்ந்தெடுங்கள்

ஆங்கிலப் பெயரில் தேடினால்தான் கிடைக்கும். என் பரிந்துரை 2017-இல் வந்த 'மை ஃபாதர் இஸ் ஸ்ட்ரேஞ்ச்', 52 பகுதி. ஓர் அப்பாவும் அம்மாவும் சின்னதாகச் சிற்றுண்டிக் கடை நடத்துகிறார்கள். கடையின் பெயரே 'அப்பா புன்ஷிக்', அதாவது அப்பா டிபன் கடை. ஆம், கொரிய மொழியிலும் அப்பா அப்பாதான். நான்கு பிள்ளைகள். அண்ணன்காரன் வருடக்கணக்காக அரசு வேலைத் தேர்வுக்குப் படித்துக்கொண்டே இருக்கிறான் (எந்த ஊரிலும் இவன் உண்டு போலிருக்கிறது). வழக்கறிஞரான மூத்த மகள், காதலித்தவனையே கட்டிக்கொள்ளும்போதும், முதல் ஒரு வருடம் பயிற்சிக் காலம், ஒத்துவந்தால் தொடரலாம் என்று நிபந்தனை போடுகிறாள். மாமியார் வீட்டில் அந்த நிபந்தனை படும் பாடுதான் தொடரின் மிகச் சிரிப்பான பகுதி. சிரிப்பும் அழுகையும் சம அளவில் கலந்திருப்பதால் பழகுவதற்கு ஏற்றது.

இரண்டாவதாக 'மை ஹஸ்பண்ட் காட் எ ஃபேமிலி' (2012). மாமியார் இல்லாத மாப்பிள்ளைதான் வேண்டும் என்று தேடி, சிறுவயதில் தொலைந்து அமெரிக்காவுக்குத் தத்துப் போன ஒருவனைக் கட்டிக்கொள்கிறாள் ஒருத்தி. குடிபோன இடத்தில் எதிர்வீட்டுக்காரர்கள்தான் அவனைப் பெற்றவர்கள் என்று பிறகு தெரிகிறது. பாட்டி, மாமனார், மாமியார், மூன்று நாத்தனார்கள், எல்லாம் ஒரே நாளில் வந்து சேர்கின்றன. அதில் மாமியாராக வருபவர் யுன் யோ-ஜொங். 2021-இல் சிறந்த துணை நடிகைக்கான ஆஸ்கர் வாங்கியவர். எழுதியவர் பார்க் ஜி-உன். பின்னாளில் 'கிராஷ் லேண்டிங் ஆன் யூ' எழுதியவரும் இவரே.

'மை டாட்டர் சொ-யொங்' (2012–13) என்பதை மூன்றாவதாக வையுங்கள், முதலில் வேண்டாம். கனம் அதிகம். அதன் பார்வையாளர் அளவு 47 விழுக்காட்டைத் தாண்டியது. இப்போதைய வார இறுதித் தொடர்களுக்கு 20-ஐத் தொட்டாலே செய்தி.

பார்க்கும் இடம்: விக்கி (Viki) என்கிற தளத்தில் தன்னார்வலர்கள் வசனவரி எழுதுகிறார்கள், பழைய குடும்பத் தொடர்களுக்கு அதுதான் சுரங்கம். எது எந்த நாட்டில் கிடைக்கும் என்பது உரிமையைப் பொறுத்தது, அடிக்கடி மாறும். தொடங்கும் முன்னால் கடைசிப் பகுதி வரை இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். நான் ஒரு தொடரை 41-ஆம் பகுதி வரை பார்த்துவிட்டு, மறுநாள் டீ போட்டு எடுத்துக்கொண்டு உட்கார்ந்தால், அந்தச் செயலியிலிருந்தே தொடரைத் தூக்கிவிட்டிருந்தார்கள். டீ ஆறியதுதான் மிச்சம்.

படி 3: உறவுமுறையைக் காதால் பிடியுங்கள்

முதல் நான்கு பகுதிக்கு நோட்டும் பேனாவும் பக்கத்தில் இருக்கட்டும். நடுவில் ஒரு வீடு, எதிரே இன்னொரு வீடு. யார் எந்த வீடு என்று எழுதுங்கள். பெயரைவிட "மூத்தவன்", "கடைக்குட்டி", "விவாகரத்தான அத்தை" என்று குறித்துக்கொள்வதே உதவும். ஏனென்றால் வீட்டுக்குள் பெரியவர்களைப் பெயர் சொல்லி அங்கே யாரும் கூப்பிடுவதில்லை. அக்கம்பக்கத்தார்கூட அம்மாவைப் பெயரால் கூப்பிட மாட்டார்கள். மூத்த பிள்ளையின் பெயரைச் சேர்த்து "இன்னார் ஒம்மா" என்பார்கள். நம் தெருவில் "குமார் அம்மா" என்பது போலத்தான்.

இனி விஷயத்துக்கு வருவோம். அப்பாவின் அண்ணன் 'குன் அபொஜி'. குன் என்றால் பெரிய, அபொஜி என்றால் தகப்பனார். பெரியப்பா! அப்பாவின் தம்பி 'சகுன் அபொஜி', சகுன் என்றால் சின்ன. ஆங்கில வசனவரி இரண்டையும் "அங்கிள்" என்று சொல்லிவிட்டுப் போய்விடும். அப்பாவின் சகோதரி 'கொமோ', நம் அத்தை. அம்மாவின் சகோதரி 'இமோ', நமக்குப் பெரியம்மா, சித்தி. மருமகன் 'சவி', காதில் சாவி என்றே விழும், மறக்காது.

கல்யாணத்தால் வரும் உறவுகளில்தான் ருசி. பெண் வீட்டாரும் பிள்ளை வீட்டாரும் ஒருவருக்கொருவர் 'சாதோன்'. ஆங்கிலத்தில் இதற்குச் சொல்லே கிடையாது, மொழிபெயர்ப்பவர்கள் தலைகீழாக நின்று பார்த்துவிட்டு "எங்கள் மகளின் மாமியார்" என்று சுற்றி வளைப்பார்கள். நமக்கு ஒரே சொல்: சம்பந்தி. அண்ணன் தம்பிகளைக் கட்டிய பெண்கள் ஒருவருக்கொருவர் 'தோங்ஸோ', அதாவது ஓரகத்தி. அக்கா தங்கைகளைக் கட்டிய ஆண்களுக்கும் அதே சொல்தான், நாம் சகலை என்போமே, அது. புருஷனின் சகோதரி 'ஷினுயி', நாத்தனார். நாத்தனார் என்றதும் நமக்கு மனதில் எழும் அத்தனையும் கொரியப் பெண்ணுக்கும் எழும் என்பதை இரண்டு தொடர் பார்த்தால் ஒப்புக்கொள்வீர்கள்.

இது எனக்குப் பிடிபட்டதே அம்மாவால்தான். அம்மாவுக்கு ஆங்கில வசனவரி வேகமாகப் படிக்க வராது. பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலையை மடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தவர், மூன்றாம் பகுதியில் அடுப்படியில் இரண்டு பெண்கள் பேசாமல் காய் நறுக்குவதைப் பார்த்துவிட்டு, "இவ ரெண்டு பேரும் ஓரகத்திங்க. அந்தச் செவத்தப் புடவை, சீ, சட்டைக்காரி மூத்தவ" என்றார். திரையில் எழுத்தே வரவில்லை. யார் கத்தியைக் கையில் கொடுத்தாள், யார் வாங்கிக்கொண்டாள் என்பதிலேயே கண்டுபிடித்துவிட்டார். நான் நிறுத்தி, பின்னால் ஓட்டிப் பார்த்தேன். இளையவள் 'ஹ்யொங்னிம்' என்று முணுமுணுத்தது அப்போதுதான் காதில் விழுந்தது. மூத்த ஓரகத்தியைக் கூப்பிடும் மரியாதைச் சொல் அது.

அதற்குப் பிறகு நான் பார்க்கும் விதமே மாறிவிட்டது. இந்தத் தொடர்களில் பெரிய திருப்பம் விபத்திலோ கடிதத்திலோ வருவதைவிட, ஒருவர் இன்னொருவரைக் கூப்பிடும் சொல் மாறுவதில் வருகிறது. பிடிக்காத மருமகளிடம் முப்பது பகுதி வரை "நீ" என்று மட்டும் பேசிய மாமியார், ஒரு நாள் 'அகா' என்பார். குழந்தாய் என்று பொருள். மருமகளைக் கூப்பிட அங்கே வழங்கும் சொல். வசனவரியில் ஒன்றும் இருக்காது, அல்லது அவள் பெயரைப் போட்டிருப்பார்கள். காதைத் தீட்டிக்கொண்டிருந்தால் மட்டும் அந்த இடத்தில் உங்களுக்குத் தொண்டை அடைக்கும்.

ஒத்துப்போகாத இடங்களையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் "இதுக்கு எதுக்கு இவ்வளவு அழுகை" என்று தோன்றும். அங்கே முறைப்பெண், முறைமாப்பிள்ளை என்ற பேச்சே இல்லை. எட்டாம் உறவுப் படி வரையிலான இரத்த உறவில் கல்யாணம் செய்யச் சட்டமே தடை சொல்கிறது. அத்தை மகனைக் கட்டுவது நம்மில் பலருக்கு இயல்பு, அவர்களுக்குக் கேட்கவே கூசும். அதுபோல, பெண் கொடுத்த வீட்டிலேயே பெண் எடுப்பதை 'க்யொப் சாதோன்', இரட்டைச் சம்பந்தம், என்கிறார்கள். நாம் பந்தி போட்டுக் கொண்டாடுவோம். அங்கே அது தர்மசங்கடம். மேலே சொன்ன 'மை ஹஸ்பண்ட் காட் எ ஃபேமிலி' தொடரில், மருமகளை ஆட்டிப்படைத்த கடைசி நாத்தனார் கடைசியில் அந்த மருமகளின் தம்பியையே காதலிக்கிறாள். இனி யார் யாருக்கு நாத்தனார் என்று யோசித்துப் பாருங்கள். பத்துப் பகுதிக்குத் தாங்கும் நகைச்சுவை.

இன்னொன்று. அம்மா வழிப் பாட்டியை 'வே ஹல்மொனி' என்பார்கள். 'வே' என்றால் வெளி. வெளிப் பாட்டி! அந்த ஒரு எழுத்தில் பெண் பிறந்த வீட்டின் நிலை முழுக்க அடங்கிவிடுகிறது. குடும்பப் பதிவேட்டில் ஓர் ஆணைத் தலைவராக வைத்த முறை 2008 ஜனவரி 1-இல்தான் அங்கே முடிவுக்கு வந்தது. அதற்கு முந்தைய தொடர்களில் மகன் பிறக்காத வீட்டின் பதற்றம் ஏன் அப்படி இருக்கிறது என்பதற்கு இது ஒரு விளக்கம்.

படி 4: சாப்பாட்டு மேசையை முகம் பார்ப்பது போலப் பாருங்கள்

ஒவ்வொரு பகுதியிலும் குறைந்தது ஒரு சாப்பாட்டுக் காட்சி உண்டு. தள்ளி ஓட்டிவிடாதீர்கள். பெரியவர் கரண்டியை எடுத்த பிறகுதான் மற்றவர்கள் எடுக்க வேண்டும். கோபமாக இருக்கும் மகன் எடுக்கிறானா? மாமியார் மீன் துண்டை யார் சோற்றின் மேல் வைக்கிறார்? காலியாக இருக்கும் இடம் யாருடையது? சண்டை அடுத்த காட்சியில் வெடிக்கும் என்றால் இங்கேயே புகைந்துகொண்டிருக்கும்.

பிறந்தநாளில் 'மியொக் குக்' என்ற கடற்பாசி சூப் வைப்பார்கள். பிள்ளை பெற்றவளுக்கு அங்கே பத்தியமாகக் கொடுப்பதும் அதுவே. ஆகவே பிறந்தநாளன்று அந்தச் சூப் கிடைக்காத பிள்ளை என்று காட்டினால், தாய் இல்லை, அல்லது தாய் எங்கோ மறைந்திருக்கிறாள் என்று பொருள். இலையுதிர்காலம் முடிந்து குளிர் தொடங்கும்போது பெண்கள் சிவப்பு ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டு முட்டைக்கோஸ் மலைக்கு நடுவே உட்கார்ந்திருந்தால் அது 'கிம்ஜாங்', வருடத்துக்கான கிம்ச்சி போடும் நாள். ஊர்கதை அத்தனையும் அங்கேதான் அவிழும். 'ஜேசா' என்பது நம் திதி மாதிரி. சமைப்பது மருமகள்கள், வணங்கி எழுவது ஆண்கள். இந்த ஏற்பாட்டின் மேல் உள்ள எரிச்சலை எழுத்தாளர்கள் சும்மா விடுவதே இல்லை.

உபரியாகச் சில சைகைகள். போனவர் முதுகுக்குப் பின் வாசலில் உப்பை வீசினால், இந்தப் பீடை திரும்ப வரக் கூடாது என்று அர்த்தம். மாமியார் நெற்றியில் துணியை இறுகக் கட்டிக்கொண்டு படுத்துவிட்டால், இது மகனுக்கான போராட்டம், தலைவலி இருக்காது. பணக்கார அம்மா மேசையில் உறையைத் தள்ளினால் உள்ளே பணம், "என் மகனை விட்டுவிடு". அடுத்து முகத்தில் தண்ணீர்.

படி 5: வேகத்தைக் கட்டுப்படுத்துங்கள்

ஒரே மூச்சில் பார்க்க இவை எழுதப்படவில்லை. வாரம் இரண்டு என்ற கணக்குக்குத் தக்கபடி சொன்னதையே திரும்பச் சொல்வார்கள். ஒரே நாளில் ஆறு பார்த்தால் அது சலிப்பாகத் தெரியும், இரண்டு பார்த்தால் நினைவூட்டலாகத் தெரியும். என் கணக்கு வாரத்துக்கு நான்கு. சமையல் செய்துகொண்டே பார்க்கலாம், ஆனால் படி 3 போய்விடும்.

30-க்கும் 40-க்கும் நடுவே தொய்வு வரும். வந்தே தீரும். ஒளிபரப்பு ஓட ஓட எழுதிக்கொண்டே படம்பிடிப்பதால், காதல் ஜோடி ஏதோ சப்பைக் காரணத்துக்குப் பிரிவார்கள், நடுத்தர வயதுத் துணைக்கதை ஒன்று நீளும். இங்கே மட்டும் தாராளமாகத் தள்ளி ஓட்டுங்கள். அப்பா, அம்மா, பாட்டி வரும் காட்சிகளை விட்டுவிடாமல் பார்த்தால் போதும். கடைசிப் பத்துப் பகுதியில் விதைத்தது எல்லாம் விளையும்.

படி 6: 'மக்ஜாங்' வந்தால் சிரித்துவிடுங்கள்

சுரங்கத்தின் கடைசி முனை என்று பொருள்படும் இந்தச் சொல்லை, அதற்கு மேல் போக வழியில்லாத அளவு அபத்தமான கதைக்கு வைத்திருக்கிறார்கள். பிறப்பு ரகசியம், மறதி நோய், ஒட்டிய முடியைத் திருடி மரபணுச் சோதனை, எல்லாம் இதில் சேர்த்தி. 2008–09-இல் ஓடிய ஒரு தினத்தொடரில், துரோகம் செய்த கணவனைப் பழிவாங்க வரும் மனைவி முகத்தில் ஒரு மச்சத்தை வரைந்துகொண்டு வருவாள். அவனுக்கு அடையாளமே தெரியாது. 2014-இல் இன்னொன்றில் ஒருவர் கன்னத்தில் முழுக் கிம்ச்சியால் பளாரென்று அறை விழுந்தது, அந்தக் காட்சி இன்றும் இணையத்தில் சுற்றுகிறது. நம் சீரியல்களில் ஒரு பொட்டு மாற்றினால் ஆளே மாறிவிடுவதைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதில் அதிர்ச்சி என்ன இருக்கிறது? வார இறுதித் தொடர்களில் இது கறிவேப்பிலை அளவுக்குத்தான் இருக்கும்.

அபத்தத்தை நல்ல எழுத்தாளர் எப்படிப் பயன்படுத்துகிறார் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். 'சொ-யொங்' பார்க்கப்போகிறவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போங்கள். சூதாடிக் குடும்பத்தைச் சீரழித்த அப்பாவை வெறுக்கும் மகள், பணக்காரப் புகுந்த வீட்டில் எனக்குப் பெற்றோர் இல்லை என்று சொல்லிவிடுகிறாள். அப்பா கூலிக்குக் கல்யாண விருந்தினராகப் போகிற வேலை ஒன்றை ஏற்கிறார். கொரியாவில் கூட்டம் காட்ட ஆட்களை வாடகைக்கு எடுக்கும் வழக்கம் நிஜமாகவே உண்டு. போய் உட்கார்ந்தால் மணப்பெண் அவர் மகள். தற்செயல்தான், நம்ப முடியாததுதான். ஆனால் அந்த மண்டபத்தில் ஒரு தகப்பன் பேசாமல் உட்கார்ந்திருக்கிற நேரத்தை நடிகர் சொன் ஹோ-ஜின் எப்படித் தாங்குகிறார் என்று பாருங்கள், தற்செயலை மன்னித்துவிடுவீர்கள்.

படி 7: அடுத்ததைத் தொடங்கும்போது

முகங்கள் திரும்பத் திரும்ப வரும். அப்பா, அம்மா வேடத்துக்கென்றே பத்துப் பதினைந்து பேர் இருக்கிறார்கள். 2017-இல் கேபிஎஸ் நாடக விருதின் தலையாய பரிசை இரண்டு பேர் பகிர்ந்துகொண்டார்கள். ஒருவர் நாம் முதலில் சொன்ன டிபன் கடை அப்பா, கிம் யொங்-சொல். மற்றவர் அதே வருடம் வேறொரு வார இறுதித் தொடரில் அப்பாவாக வந்த சொன் ஹோ-ஜின். காதல் ஜோடிகள் இருக்க, பரிசு இரண்டு அப்பாக்களுக்குப் போனது. ஆகவே பழைய நோட்டில் புதுப் பக்கம் திருப்பி, குடும்ப மரத்தைப் புதிதாக வரையுங்கள். போன தொடரின் உறவை இதில் கொண்டுவந்து குழப்பிக்கொள்ளாதீர்கள்.

அம்மாவுக்கு இந்த அறிவுரை ஏறவில்லை. போன மாதம் புதுத் தொடரில் சொன் ஹோ-ஜின் கதவைத் திறந்துகொண்டு வீட்டுக்குள் வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அந்தப் பொண்ணு கல்யாணத்துல பேசாம உட்கார்ந்திருந்தவர்தானே இவர்? பாவம். இந்த வீட்டுலயாவது பிள்ளைங்க சோறு போடுதா, பாரு."